லினக்ஸ் மிண்ட்ல வைஃபை பிரிண்டர்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததுல தெரிஞ்சது

லினக்ஸ்ல பிரிண்டர் ஒழுங்கா வேலை செய்யாதுன்னு இன்னும் நிறைய பேர் சொல்லிட்டு இருக்காங்க. ஒரு காலத்துல அது உண்மைதான், இப்போ எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எங்க டியூஷன் சென்டர்ல லினக்ஸ் மிண்ட் (விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச சிஸ்டம்) போட்ட ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரு வைஃபை லேசர் பிரிண்டரும் சில வருஷமா ஓடிட்டு இருக்கு, கொஸ்டின் பேப்பர், ஆன்சர் கீ, ஃபீஸ் ரசீதுன்னு தினமும் அதுக்கு வேலை இருக்கும், இவ்ளோ நாள்ல வந்த தொல்லைல முக்கால்வாசி லினக்ஸாலயும் வரல பிரிண்டராலயும் வரல, நடுவுல உக்காந்திருக்க ரவுட்டரால வந்தது.

எப்படின்னா, கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல இருக்கு. பிரிண்டர் யூபிஎஸ்ல இல்ல, லேசர் பிரிண்டர் உள்ள ஃபியூசர் (மைப்பொடியை பேப்பர்ல உருக்கி ஒட்டற பாகம்) சூடாகும்போது இழுக்கற கரண்டுக்கு சின்ன யூபிஎஸ் தாங்காது, அதனால அதை நேரா சுவத்து பிளக்குலதான் போடணும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டரும் பிரிண்டரும் புதுசா எழுந்திரிக்கும், ரவுட்டர் பிரிண்டருக்கு வேற ஐபி நம்பர் (நெட்வொர்க்ல அதோட முகவரி) குடுத்துடும். கம்ப்யூட்டர் பாவம் பழைய நம்பர்லயே தேடிட்டு இருக்கும். ஸ்க்ரீன்ல பிரிண்டர் இல்ல, இல்லன்னா இப்போ கிடைக்கலன்னு ஒரு மெசேஜ் வரும், "சார், பிரிண்டர் படுத்துடுச்சு"ன்னு பசங்க வந்து நிப்பாங்க.

இதுல ஒரு விஷமம் என்னன்னா பிங் (அந்த நம்பர்ல யாராவது இருக்காங்களான்னு கேட்கற கமாண்ட்) பண்ணிப் பார்த்தா சில சமயம் பதில் வரும். அப்போ நெட்வொர்க் சரியாத்தான் இருக்குன்னு டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரை பிரிண்டரோட பேச வைக்கற சாஃப்ட்வேரை, நோண்ட ஆரம்பிச்சுடுவோம். உண்மையில அந்தப் பழைய நம்பரை யாரோட மொபைலோ வாங்கி வச்சிருக்கும், பதில் சொல்றது அந்த மொபைல். அதனால பிங்கை நம்பாதீங்க, பிரவுசர்ல அந்த ஐபி நம்பரை அடிச்சுப் பாருங்க, பிரிண்டரோட செட்டிங்ஸ் பேஜ் வந்தா அது பிரிண்டர், வரலன்னா பெரும்பாலும் வேற ஏதோ. டெர்மினல் பழக்கம் இருந்தா 631 போர்ட் (நெட்வொர்க்ல கருவி பேசற வாசல் நம்பர்) திறந்திருக்கான்னு பார்க்கறது இன்னும் சுலபம், ஐபிபிங்கற பிரிண்டிங் மொழி பேசற பிரிண்டர் எல்லாம் அந்த போர்ட்லதான் பேசும். பழைய மாடலா இருந்தா 9100 பாருங்க.

இதுக்கு நிரந்தர வைத்தியம் ரவுட்டர்ல இருக்கு. டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு ஒரு இடம் இருக்கும், அங்க பிரிண்டரோட மேக் அட்ரஸ் (கருவிக்கு கம்பெனியே போட்ட அடையாள நம்பர்) குடுத்து ஒரு ஐபியை அதுக்குன்னே எழுதி வச்சுடணும். பிரிண்டர்ல இருந்து கான்ஃபிகரேஷன் பேஜ் பிரிண்ட் எடுத்தா லேன் போர்ட் உள்ள மாடல்ல ரெண்டு மேக் அட்ரஸ் போட்டிருக்கும், ஒண்ணு கேபிளுக்கு, ஒண்ணு வைஃபைக்கு. வைஃபைல ஓட்டறவங்க வைஃபைக்கு உள்ளதைத்தான் எடுக்கணும், மாத்திக் குடுத்தா ரவுட்டர் எல்லாம் சரின்னு சொல்லும், ஆனா ஒண்ணும் நடக்காது.

அடுத்தது, மிண்ட் தானா கண்டுபிடிச்சு காட்டற பிரிண்டரை நான் யூஸ் பண்றதில்ல. அது அவாஹி வழியா, அதாவது எம்டிஎன்எஸ்னு நெட்வொர்க் முழுக்க குரல் குடுத்துத் தேடற முறைல வருது. ஒரே ரவுட்டர் இருக்க வீட்டுக்கு அது போதும். எக்ஸ்டெண்டர் போட்டா, கெஸ்ட் வைஃபைல மாட்டினா, பிரிண்டர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனா அந்தக் குரல் போய் சேராது, நேத்து இருந்த பிரிண்டர் இன்னைக்கு லிஸ்ட்ல இருக்காது. அதுக்குப் பதிலா கையால சேர்த்துடுங்க. அட்ரஸ் இடத்துல ஐபிபி, கோலன், ரெண்டு ஸ்லாஷ்னு ஆரம்பிச்சு, ரிசர்வ் பண்ண ஐபி நம்பர், அப்புறம் ஸ்லாஷ் ஐபிபி ஸ்லாஷ் பிரிண்ட். டிரைவர் கேட்டா ஐபிபி எவ்ரிவேர். அவ்ளோதான், கம்பெனி சைட்ல போய் எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம்.

டிரைவர் இல்லாம எப்படின்னு சந்தேகம் வரும். 2010ல ஆப்பிளோட பிரிண்டிங் முறையான ஏர்பிரிண்ட் வந்தப்ப ஐபோன்ல டிரைவர் போட வழியே இல்ல, அதனால பிரிண்டர் கம்பெனிங்க எல்லாம் பிரிண்டர் தானே தன்னைப் பத்தி சொல்ற மாதிரி செய்ய வேண்டியதாச்சு. அதே வழில எல்லாருக்குமான ஐபிபி எவ்ரிவேர் 2013ல வந்துச்சு. லினக்ஸ்ல பிரிண்டிங்கை பார்த்துக்கற கப்ஸ் சாஃப்ட்வேரை எழுதின மைக்கேல் ஸ்வீட்டையே ஆப்பிள் 2007ல வேலைக்கு எடுத்துக்கிச்சு, ஆக நாம ஓசில அனுபவிக்கற இந்த சவுகரியத்துக்குப் பின்னாடி ஐபோனும் கொஞ்சம் இருக்கு. புது பிரிண்டர் வாங்கறவங்க பெட்டில லினக்ஸ்னு போட்டிருக்கான்னு தேடறதை விட ஏர்பிரிண்ட்னு போட்டிருக்கான்னு பாருங்க. அது இருந்தா அநேகமா லினக்ஸ்லயும் ஓடும்.

கம்பெனி டிரைவர்தான் போடுவேன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. சிஸ்டம் அப்கிரேட் பண்ணினதும் ஃபில்டர் ஃபெயில்டுன்னு வந்து நின்னா பெரும்பாலும் அந்த டிரைவருக்கு வேண்டிய ஏதோ ஒரு லைப்ரரி காணாம போயிருக்கும், சில டிரைவர் இன்னும் 32 பிட்லயே இருக்கு. கப்ஸ் 3 வரும்போது இந்தப் பழைய டைப் டிரைவருக்கு ஆதரவே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, இப்பவே டெர்மினல்ல பிரிண்டர் சேர்த்தா அந்த எச்சரிக்கை வருது.

பிரிண்டர் திரும்ப வந்தும் பிரிண்ட் வரலன்னா, க்யூ, அதாவது பிரிண்ட் ஆக காத்திருக்கற வரிசை, நின்னு போயிருக்கும். ஒரு தடவை தப்பானா மொத்தமா நிறுத்துன்னு செட்டிங் இருந்தா கப்ஸ் அப்படியே உக்காந்துக்கும், நாமதான் போய் ரெஸ்யூம் குடுக்கணும். பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் கோலன் 631னு போட்டா கப்ஸோட பேஜ் வரும், அதுல பிரிண்டரோட எரர் பாலிசியை ரீட்ரை ஜாப்னு மாத்திட்டா இந்தத் தொல்லை ஓயும். பாஸ்வேர்ட் ஏத்துக்கலன்னா உங்க யூசர், பிரிண்டர் செட்டிங்கை மாத்த அனுமதி உள்ள எல்பிஅட்மின் குரூப்ல இருக்கான்னு பாருங்க. ஒண்ணும் வரலன்னு ஒரே பேப்பரை நாலு தடவை அனுப்பறவங்க எல்லா ஆஃபீஸ்லயும் இருப்பாங்க, ரெஸ்யூம் குடுக்கறதுக்கு முன்னாடி அதை எல்லாம் கேன்சல் பண்ணிடுங்க, இல்லன்னா ஒரு கட்டு பேப்பர் காலி.

எனக்கு ரொம்ப எரிச்சல் குடுத்தது பேப்பர் சைஸ். பிரிண்ட் குடுத்ததும் ஜாப் போயிடும், பிரிண்டர்ல ஆரஞ்சு லைட் மட்டும் சிமிட்டும், டிஸ்ப்ளேல லெட்டர் சைஸ் பேப்பர் வைன்னு கேட்கும். ட்ரேல இருக்கறது ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர், நம்ம ஊர் ஸ்டேஷனரி கடைல லெட்டர் சைஸ் கேட்டா முழிப்பாங்க. காரணம், இன்ஸ்டால் பண்ணும்போது மொழியை அமெரிக்க இங்கிலீஷ்னு விட்டிருப்போம், பேப்பரும் அமெரிக்காக்காரனோடதா வந்துடும். ரீஜன் செட்டிங்ல இந்தியான்னு மாத்திட்டு, பிரிண்டரோட டீஃபால்ட்லயும் ஏ4 போட்டுடுங்க. ரெண்டையும் செய்யணும், ஒண்ணு மட்டும் செஞ்சா சில அப்ளிகேஷன்ல திரும்ப லெட்டர் வந்து நிக்கும்.

தமிழ் கொஸ்டின் பேப்பர் சில பிடிஎஃப்ல ஸ்க்ரீன்ல அழகா தெரியும், பேப்பர்ல ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு வரும். அந்த மாதிரி வந்தா ஓக்குலர்ங்கற பிடிஎஃப் ரீடர்ல திறந்து பிரிண்ட் ஆப்ஷன்ல ஃபோர்ஸ் ராஸ்டரைசேஷன் டிக் பண்ணுங்க, பக்கத்தையே படமா மாத்தி அனுப்பும், கொஞ்சம் மெதுவாகும், எழுத்து உடையாது.

கப்ஸ் பிரவுஸ்டுன்னு நெட்வொர்க்ல பிரிண்டரைத் தேடி தானா சேர்க்கற ஒரு சர்வீஸ் ஓடிட்டு இருந்தா நிறுத்திடுங்க. ஒரே பிரிண்டரை ரெண்டு மூணு பேர்ல காட்டறது பெரும்பாலும் அதோட வேலைதான். அது போக 2024 செப்டம்பர்ல அதுல ஒரு பெரிய ஓட்டை வெளில வந்துச்சு, வெளியாள் ஒருத்தன் போலி பிரிண்டரை நம்ம லிஸ்ட்ல சொருகிட்டு, நாம அதுல பிரிண்ட் குடுக்கும்போது அவன் கமாண்டை ஓட வைக்கலாம்னு. அதுக்கு அப்டேட் வந்துடுச்சு, இருந்தாலும் கையால சேர்த்த பிரிண்டருக்கு அந்த சர்வீஸ் தேவையே இல்ல.

ஸ்கேனுக்கு சேன் ஏர்ஸ்கேன் பேக்கேஜ் போதும், அதுலயும் கம்பெனி டிரைவர் வேண்டாம். எனக்கு இன்னும் சரியாகாதது ஒண்ணுதான், காலைல முதல் பக்கம் வர ரொம்ப நேரம் எடுக்குது. ஸ்லீப் டைமை பிரிண்டர் பேஜ்ல கூட்டி வச்சேன், ஆட்டோ ஆஃப்பையும் எடுத்துட்டேன், பகல்ல இப்போ பரவால்ல, ராத்திரி ஸ்விட்சை அணைச்சுட்டுப் போற இடத்துல அதுக்கு வழி இல்ல.