பைத்தானோடு சும்மா வரும் பிடிபி: டெர்மினலிலேயே பக் தேடுகிறவர்களுக்கு

பைத்தான் எழுதுகிற பலர் இன்னமும் பிரிண்ட் போட்டுப் போட்டுத்தான் பக் தேடுகிறார்கள். சின்ன ஸ்கிரிப்டுக்கு அது சரி. ஆனால் அரை மணி நேரம் ஓடி, பெரிய சிஎஸ்வி ஃபைலில் (அட்டவணைத் தகவல் வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) எங்கேயோ இருக்கும் ஒரு காலிக் கட்டத்தை எண்ணாக மாற்றப்போய் வேல்யூ எரர் என்று விழுகிற ஸ்கிரிப்டுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு பிரிண்டுக்கும் இன்னொரு அரை மணி நேரம் போகும். ஓடும் கோடை நிறுத்தி உள்ளே பார்க்க விடும் டீபக்கரான பிடிபி (pdb) இருக்கும்போது இந்த அவஸ்தை தேவையே இல்லை.

தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பைத்தான் கமாண்டில் மைனஸ் எம் போட்டு, பிடிபி, ஸ்கிரிப்ட் பெயர் என்று கொடுத்தால் முதல் வரியிலேயே நிற்கும். சி தட்டினால் ஓடும். எரர் வந்தால் வெளியே தள்ளிவிடாமல் விழுந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும், அந்த நேரத்து வேரியபிள்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பி (p) போட்டு வேரியபிள் பெயரைக் கொடுத்தால் சிக்கலான அந்த சிஎஸ்வி வரிசையைப் பார்க்கலாம், யூ தட்டி இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது யார் என்று மேலே போய்ப் பார்க்கலாம், டபிள்யூ தட்டினால் வந்த வழி முழுக்கத் தெரியும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே பிடிபி பிடிக்கும்.

நடுவில் நிறுத்த வேண்டுமென்றால், 2018இல் வந்த பைத்தான் 3.7இலிருந்து கோடில் பிரேக்பாயின்ட் என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலே போதும். லூப்பில் ஆயிரம் முறை நிற்காமல், மதிப்பு நூறைத் தாண்டினால் மட்டும் நில் என்று நிபந்தனையும் வைக்கலாம்.

குறைகளும் உண்டு, புதியவர்களைப் படுத்தக்கூடிய குறைகள். உங்கள் வேரியபிளின் பெயர் என் (n) அல்லது சி (c) என்றால், அதைத் தட்டியதும் பிடிபி கமாண்டாக எடுத்துக்கொண்டு ஓடிவிடும், முன்னால் ஆச்சரியக்குறியோ பி-யோ போட வேண்டும். வெறும் என்டர் தட்டினால் கடைசிக் கமாண்டைத் திரும்பச் செய்யும். ஸ்கிரிப்ட் முடிந்ததும் வெளியே வராது, மறுபடி முதல் வரியில் போய் நிற்கும், க்யூ அடித்தால்தான் விடும்.

பக்கத்தில் விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டர் இருந்தால் அதன் டீபக்கர் பார்வைக்கு இன்னும் வசதி, அதில் சந்தேகமில்லை. எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் டெர்மினல் மூலம், ஒரு சர்வருக்குள் நுழைந்து, அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதியும் இல்லாத நிலையில் பிடிபிதான் கைகொடுக்கும். ஆனால் சர்வரில் எந்தப் பைத்தான் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உபுண்டு லினக்ஸ் 22.04இல் இருப்பது பைத்தான் 3.10. வரியில் எந்தப் பகுதி தவறு என்று அடியில் குறி போட்டுக் காட்டுவது 3.11இல்தான் வந்தது, டெர்மினலில் கலர் எரர் 3.13இல்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் பிஐடி (அதன் அடையாள எண்) கொடுத்து, அதை நிறுத்தாமலே பிடிபியோடு உள்ளே போகிற வசதி 3.14இல் வந்திருக்கிறது. நாள் முழுக்க ஓடும் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் அதற்காகவே அப்டேட் செய்யலாம்.