டெவ்டூல்ஸா, கர்லா, ரிசோர்ஸ் டைமிங்கா: தாமதத்தை எதில் அளப்பது?

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று புகார் வந்தால், ஃப்ரன்ட்எண்ட் ஆள் (பயனர் பார்க்கும் பக்கத்தை உருவாக்குபவர்) குரோமிலேயே இருக்கும் டெவலப்பர் கருவிகளான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறப்பார். சர்வர் பக்கத்து ஆள் டெர்மினலில் கர்ல் (கொடுத்த முகவரியிலிருந்து கோப்பை எடுக்கும் கட்டளை) ஓட்டுவார். டாஷ்போர்டு வைத்திருப்பவர், பயனர்களின் உலாவியிலிருந்து ரிசோர்ஸ் டைமிங் ஏபிஐ (ஒவ்வொரு கோப்பும் வர ஆன நேரத்தைப் பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் உலாவி வசதி) வழியாக வந்த எண்களைக் காட்டுவார். மூன்றும் ஒத்துப்போகாது. ஒவ்வொன்றும் அளப்பது வேறு என்பதால் ஒத்துப்போகவும் தேவையில்லை.

சர்வர் மீது சந்தேகம் இருந்தால் கர்லே போதும். உதாரணத்துக்கு, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி தேடுவது) 0.030, டிசிபி இணைப்பு (சர்வரோடு தொடர்பு ஏற்படுத்துவது) 0.080, டிஎல்எஸ் (அதைப் பாதுகாப்பான இணைப்பாக்குவது) 0.180, முதல் பைட் (பதிலின் முதல் துளி வருவது) 0.480 நொடி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எல்லாமே தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்கள். எனவே டிஎல்எஸ்ஸுக்கு ஆனது 180 மில்லிநொடி இல்லை, 100 தான். அதன்பின் முதல் பைட் வர 300. டிசிபி இணைப்புக்கு 50 (80-இல் டிஎன்எஸ்ஸின் 30 போக) ஆகியிருப்பதால் சர்வருக்கு ஒருமுறை போய்வர அவ்வளவுதான் ஆகும். மிச்ச 250 சர்வர் எடுத்துக்கொண்டது. சண்டை தீர்ந்தது. ஆனால் கர்லை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புது இணைப்புதான் போடும், அதுவும் ஒரே ஒரு கோப்புக்கு. கோப்புகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடப்பது அதில் தெரியவே தெரியாது.

அது தெரிவது டெவ்டூல்ஸில். ஹெச்டிடிபி 1.1-இல் ஒரு ஹோஸ்ட்டுக்கு (ஒரு சர்வர் பெயருக்கு) 6 இணைப்புகளுக்கு மேல் குரோம் திறக்காது. ஏழாவது படம் 'ஸ்டால்டு' என்று வரிசையில் நிற்கும். குறை என்னவென்றால், அளப்பது உங்கள் மடிக்கணினியையும் உங்கள் வைஃபையையும். த்ராட்லிங் (வேகம் குறைந்த இணைப்பைப் போல நடிக்க வைக்கும் வசதி) போட்டாலும் கோரிக்கை மட்டத்தில் செயற்கையாகத் தாமதம் சேர்கிறது, அவ்வளவே. ஓடும் பேருந்தில் சிக்னல் விட்டு விட்டு வருவது அதில் வராது.

அப்புறம் ரிசோர்ஸ் டைமிங். உண்மையான பயனர்களின் நேரம் இதில்தான் கிடைக்கும், ஆளை ஏமாற்றுவதிலும் இதுதான் முதலிடம். வேறு டொமைனிலிருந்து வரும் கோப்புக்கு அந்தச் சர்வர் 'டைமிங்-அலவ்-ஆரிஜின்' ஹெடர் (பதிலோடு சேர்ந்து வரும் குறிப்பு) அனுப்பாவிட்டால், டிஎன்எஸ், இணைப்பு, முதல் பைட் நேரங்கள் எல்லாம் 0 என்றே வரும். மொத்தக் கோரிக்கையின் தொடக்கமும் முடிவும் மட்டும் மிஞ்சும். அந்தப் பூஜ்ஜியங்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் சிடிஎன் (கோப்புகளைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர்களின் வலை) மின்னல் வேகத்தில் இருப்பதாக டாஷ்போர்டு சொல்லும். பழைய இணைப்பையே மறுபடி பயன்படுத்தும்போதும், டிஎன்எஸ், இணைப்பு ஆகியவற்றின் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் 0 தான் வரும்; ஆனால் அங்கே அவற்றின் தொடக்க, முடிவு நேரங்கள் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும், பூஜ்ஜியமாக இருக்காது. முதல் வகையைத் தூக்கிப் போடுங்கள், இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பஃபரில் (உலாவி இந்தப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இடத்தில்) இயல்பாக 250 பதிவுகள்தான் நிற்கும். படங்கள் குவியும் பக்கமானால் பதிவுகளை வரவர வாங்கித் தரும் பெர்ஃபார்மன்ஸ் அப்சர்வரை ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது ரிசோர்ஸ் டைமிங். ஆனால் நம் சிடிஎன்னில் அந்த ஹெடரைப் போட்ட பிறகுதான். கூகுள் ஃபான்ட்ஸ் அதை ஏற்கெனவே அனுப்புகிறது. அனுப்பாத வெளியாள் ஸ்கிரிப்டுகளுக்கு மொத்த நேரத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

உலாவியில் இல்லாமல் கைபேசியில் நேரடியாக ஓடும் நேட்டிவ் செயலி என்றால் இந்தத் தலைவலி குறைவு. ஆண்ட்ராய்டில் ஓகேஹெச்டிடிபி என்ற நெட்வொர்க் லைப்ரரியின் ஈவன்ட்லிசனர் இருக்கிறது; கோரிக்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் அது தெரிவிக்கும். ஐஓஎஸ் 10 முதல் வந்த யூஆர்எல்செஷன்டாஸ்க்மெட்ரிக்ஸ், இணைப்பு புதிதா பழையதா என்பதைத் தனியாகவே சொல்லிவிடும்.