சாக்ரெப் மேல்நகரில் 1908 தேர்தல்: ஒரு நடைச்சுற்றுலா பற்றிய மதிப்புரை

குரோஷியாவின் தலைநகரான சாக்ரெபில், மேல்நகரின் புனித மாற்கு சதுக்கத்தில் நடத்தப்படும் வரலாற்று நடைச்சுற்றுலா ஒன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். தேவாலயத்தின் வண்ண ஓட்டுக் கூரையைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் சுற்றுலா அன்று இது. ஒருபுறம் சாபோர் எனப்படும் நாடாளுமன்றமும் எதிர்ப்புறம் பான் என்ற ஆளுநரின் மாளிகையும் நேருக்கு நேர் நிற்கும் அந்த இடத்திலேயே, 1908 பிப்ரவரித் தேர்தலின் கதையை வழிகாட்டி ஒன்றரை மணி நேரம் விரித்துரைத்தார்.

குரோஷியா-ஸ்லவோனியா அன்று ஹங்கேரிய முடியின் கீழ் இருந்தது. 1907-இல் ரயில்வேயில் ஹங்கேரிய மொழியைப் புகுத்தியதால் மூண்ட கோபம் ஆறாத வேளையில், பான் பதவிக்கு வந்த பாவாவோ ராவுக் தேர்தலை நடத்தினார். 88 இடங்களில் 57-ஐ அவரை எதிர்த்த குரோஷிய-செர்பியக் கூட்டணி வென்றது. ராவுக்கின் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. சபை கூடிய சூட்டோடு கலைக்கப்பட்டது.

இச்சுற்றுலாவின் உயிர்நாடி அதன் பின் வந்தது. வழிகாட்டி ஒரு பழைய பேரேட்டை விரித்து, எங்கள் ஒன்பது பேரையும் வரிசையில் நிறுத்தி, வேட்பாளரின் பெயரை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லுமாறு கேட்டார். வாக்கு அன்று வெளிப்படையாகவே அளிக்கப்பட்டது. அதிகாரி வேடத்தில் ஒருவர் பக்கத்திலேயே நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பென்று தெரிந்தும் என் முறை வந்தபோது குரல் தணிந்துவிட்டது. மேலதிகாரியின் காதுபட எதிரணியின் பெயரைச் சொன்ன அரசு ஊழியர்களை நினைத்தபோதுதான் 57 என்ற எண்ணின் கனம் எனக்கு உறைத்தது.

ஆனால் ஒரு பெரிய குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. "மக்கள் தீர்ப்பு" என்று அவர் திரும்பத் திரும்பக் கூறினார்; அப்போது வாக்குரிமை பெற்றிருந்தோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரே. வரித்தகுதி இல்லாத பெரும்பாலான உழவர்கள் வெளியே நின்றார்கள். 1910-இல் வாக்காளர் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்ததையும், அவ்வாண்டுத் தேர்தலில் ஸ்டியெப்பான் ராடிச்சின் உழவர் கட்சி 9 இடங்கள் பெற்றதையும் நான் கேட்ட பிறகே, படியிறங்கியபடி ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

வழிகாட்டியின் ஆங்கிலம் தெளிவானது; எங்கள் கேள்விகளை அவர் பொறுமையாகவே செவிமடுத்தார். கற்பாவிய தெருக்கள் என்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்வது நல்லது. நடத்துநர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றுதான்: பேரேட்டை விரிக்குமுன் வாக்குரிமை யாருக்கு இருந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் ஒன்பது பேரில் ஐவர் பெண்கள். அந்த வரிசையில் அவர்கள் நின்றிருக்கவே முடியாது.