மைக்கல்சனின் எபிமெரிஸ்: கொழும்பில் சாதகக் குறிப்பு எழுதுவோருக்கு

நீல் மைக்கல்சன் (1931–1990) ஐபிஎம்மில் வேலை பார்த்த அமெரிக்கச் சோதிடர். 1973இல் ஆஸ்ட்ரோ கம்ப்யூட்டிங் சர்வீசஸை ஆரம்பித்து, கிரகநிலைக் கணக்கைக் கணினியிடம் கொடுத்தார். அவருடைய அமெரிக்கன் எபிமெரிஸ் (நாள்தோறும் கிரகநிலை தரும் அட்டவணைப் புத்தகம்) இருபதாம் நூற்றாண்டுத் தொகுதி நள்ளிரவு, நண்பகல் என இரண்டு பதிப்பாகக் கிடைக்கிறது. நள்ளிரவுப் பதிப்பையே வாங்குங்கள். கிரீன்விச் நள்ளிரவு என்றால் கொழும்பில் காலை 5.30; நம் நாள் தொடங்கும் நேரம்.

சந்திரனுக்கு நள்ளிரவு நிலை, நண்பகல் நிலை இரண்டும் உண்டு. 24 மணிக்குப் பதிலாக 12 மணி இடைவெளியில் பங்கு போட்டு இடைப்பட்ட நேரத்து நிலையைக் கணக்கிடலாம் என்பதால் நட்சத்திர பாதம் (நட்சத்திரத்தின் காற்பங்கு) நம்பிக்கையாக வரும். இதற்காகவே விலையைக் கொடுக்கலாம்.

பிழை வருவது புத்தகத்தில் அல்ல, மணிக்கூட்டில். இலங்கை 1996 மே 25இல் கிரீன்விச்சுக்கு 6.30 மணி முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் 6 மணியானது. 2006 ஏப்ரல் 15இல்தான் 5.30க்குத் திரும்பியது. 1997 ஓகஸ்டில் காலை 9 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு 6ஐக் கழித்து கிரீன்விச் 3 மணி என்று எடுக்க வேண்டும். பழக்கத்தில் 5.30ஐக் கழித்தால் லக்கினம் ஏறக்குறைய ஏழரைப் பாகை தள்ளிப்போகும், நவாம்சம் (ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு) இரண்டு கட்டம் மாறும். சந்திரன் 16 கலை (60 கலை ஒரு பாகை) பிசகும். பிறக்கும்போது சுக்கிர திசை நடந்தால் அதன் இருப்பில் (மீதிக் காலத்தில்) மட்டும் ஐந்து மாதம் குறையும். கலியாணப் பொருத்தத்துக்கு வரும் குறிப்புகளில் இந்த ஆண்டுகளை இரண்டு தரம் பாருங்கள்.

இனி அயனாம்சம். எல்லா நிலைகளும் சாயனம், அதாவது வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்தவை; நம் நிராயன முறை நட்சத்திரங்களை வைத்து அளப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அயனாம்சம். இந்தியாவில் பரவலாக எடுக்கும் லாகிரி அயனாம்சம் 2000 தொடக்கத்தில் 23 பாகை 51 கலை, 1950இல் 23 பாகை 10 கலை. அதைக் கழித்த பிறகே ராசி. பக்க அடியிலுள்ள பெட்டியில் எஸ்விபி (SVP) என்றொரு எண் இருக்கும். அது மேற்கத்திய நிராயனக்காரருடையது, அதன்படி வரும் அயனாம்சம் லாகிரியிலிருந்து 53 கலை விலகும், தொடாதீர்கள். ராகுவுக்கு நாள்தோறும் தருவது ஸ்புட (உண்மை) நிலை. மத்திம (சராசரி) ராகு வேண்டுமானால் அதே அடிப்பெட்டியில் மாதத்துக்கு ஒன்று கிடைக்கும். நாளுக்கு 3 கலை வீதம் பின்னோக்கிக் கழிக்கலாம்.

லக்கின அட்டவணை இதில் இல்லை. வட அகலாங்கு 7 பாகைக்கான அட்டவணையைத் தனியாக வைத்திருக்க வேண்டும். நட்சத்திர மணி (லக்கினம் கணிக்க எடுக்கும் விண்மீன் நேரம்) எடுக்கும்போது கிரீன்விச்சின் நட்சத்திர மணியோடு கொழும்பின் நெட்டாங்குக்கு 5 மணி 19 நிமிடம் 24 விநாடி கூட்டுங்கள், 5.30ஐக் கூட்டினால் லக்கினம் இரண்டரைப் பாகை மிகும்.

பழைய வாய்பாடுகளால் கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கத்தை நம்பும் வீடுகளுக்கு இந்தப் புத்தகம் ஒத்துவராது. சந்திரன் நிலை மாறுபடும், அது அச்சுப்பிழை அல்ல. வானில் காணும் நிலையையே கணக்கிடும் திருக்கணிதக்காரர் தயங்காமல் வாங்கலாம். எழுத்து மிகப் பொடி, ராசிகளும் கிரகங்களும் குறியீடுகளாகவே இருக்கும். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் சேர்த்து வாங்குங்கள்.