குமுளி பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன மிருகக் கதை புக் வாங்கலாம்

பிள்ளைகளுக்கு நல்ல மிருகக் கதை புக் சொல்லுன்னு சொந்தக்காரங்க, தோட்டத்துல கூட வேலை பாக்கற அக்காங்கன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிப்புட்டேன். முதல்லயே சொல்லிடுறேன், நரி ஏமாத்துச்சு காக்கா ஏமாந்துச்சு ஆகவே குழந்தைகளேன்னு முடியற டைப் இதுல ஒண்ணுகூட கிடையாது. எங்க ஊருல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போகையில காட்டுமாடு ரோட்டை மறிச்சு நிக்கும், டிரைவர் ஹாரன் அடிக்காம அது நகர்ற வரைக்கும் காத்திருப்பாரு, தேக்கடியில மலை அணில் தலைக்கு மேல மரம் விட்டு மரம் தாவும். இதைப் பாத்து வளர்ற பிள்ளைககிட்ட சிங்கம் கோட்டு போட்டு ஆபீஸ் போச்சுன்னா ஒரு தடவை சிரிக்கும், அப்புறம் அந்தப் புக்கு பரணுக்குத்தான். மிருகம் மிருகமாவே இருக்கற புக்கைத்தான் திரும்பத் திரும்ப எடுக்குதுக.

நாலு அஞ்சு வயசுக்கு கண்ணை மூடிட்டு வாங்கலாம்னா கஜபதி குலபதி. அசோக் ராஜகோபாலன் எழுதி படமும் அவரே போட்டது, சென்னை தூலிகா வெளியீடு. ஊருக்குள்ள இருக்கற பெரிய்ய யானைக்குச் சளி பிடிச்சுக்குது, யானைக்குத் தும்மல் வந்தா என்ன ஆகும், அம்புட்டுத்தான் கதை. சத்தம் போட்டு வாசிக்கறதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு, தும்மற இடம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் எங்க சின்னவன் தலகாணியைக் கட்டிப்பிடிச்சுட்டு விழறதுக்கு ரெடியா உக்காந்திருப்பான். இன்னொரு சௌகரியம், தமிழ்லயும் இருக்கு மலையாளத்துலயும் இருக்கு. அப்பத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், பயலுக்கு ஸ்கூல்ல மலையாளம், ரெண்டையும் வாங்கி வச்சதுல ஒரே கதையை ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சுக்கிறாங்க.

பளபளா அட்டை போட்டு கடை வாசல்ல தொங்குற சீப் புக்குக பக்கம் போயிடாதீங்க. பேரு சொல்லல, ஒண்ணு கிஃப்ட்டா வந்துச்சு, அதுல அம்மா யானைக்கு இம்மாம் பெரிய கொம்பு, முறம் மாதிரி காது. அதெல்லாம் ஆப்பிரிக்கா யானை, அங்கதான் பொம்பளை யானைக்கும் கொம்பு உண்டு, நம்ம பக்கம் ஆம்பளை யானைக்குத்தான் கொம்பு வெளிய நீட்டிட்டிருக்கும். 2023 மே மாசம் அரிக்கொம்பன்ங்கற காட்டு யானை கம்பத்துக்குள்ள புகுந்து 144 போட்டு ஊரே கதவடைச்சுக் கிடந்துச்சே, அதுக்கப்புறம் இங்க எல்கேஜி பிள்ளைக்குக்கூட கொம்பன்னா யாருன்னு தெரியும், மூணாவது பக்கத்துலயே எம் பொண்ணு கண்டுபிடிச்சுட்டா.

காசு செலவழிக்க முடியாதவங்களுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச சைட், வாசிக்க, டவுன்லோட் பண்ண, பிரிண்ட் எடுக்க எல்லாமே இலவசம், தமிழ் மலையாளம்னு பாஷை மாத்திக்கலாம், லெவல் 1ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சு வச்சிருக்காங்க. எஸ்டேட் பக்கம் நெட் இழுக்காதுல்ல, அதனால டவுனுக்கு வரும்போது பிடிஎஃப் இறக்கி வச்சுக்கோங்க, ஜெராக்ஸ் கடையில கறுப்பு வெள்ளையில எடுத்துக் குடுத்தா பிள்ளைக அதுலயே கலர் அடிச்சுக்கும். ஆனா ஒரு விஷயம், ஆர்வத்துல யார் வேணாலும் மொழிபெயர்த்துப் போடலாம்ங்கறதால சில கதையில தமிழ் கல்லைக் கடிக்கற மாதிரி இருக்கும், நீங்க ஒரு தடவை வாசிச்சுட்டுக் குடுங்க.

பத்து பதினொண்ணு வயசுப் பிள்ளைகளுக்கு நான் சொல்றது குழந்தைப் புக்கே கிடையாது, ஜெயமோகனோட யானை டாக்டர். அறம் தொகுப்புல இருக்கற கதை, தனி புக்காவும் கிடைக்குது. டாப்ஸ்லிப்புல வேலை பாத்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தின்னு நிஜமான ஆளை வச்சு எழுதினது. அழுகின யானையை அறுத்து போஸ்ட்மார்ட்டம் பண்ற இடமும் புழு வர்ற இடமும் இருக்கு, அதனால சின்னதுகளுக்கு வேண்டாம். ஆனா டூரிஸ்ட்டுங்க குடிச்சுப்போட்ட பீர் பாட்டில் யானை கால்ல குத்தி, அது சீழ் வச்சு, நடக்கவும் மாட்டாம கிடந்து சாகற பகுதி இருக்கு பாருங்க, அதை வாசிச்சுட்டு எம் பொண்ணு ராத்திரி சாப்பிடல. மறுவாரம் குமுளி ரோட்டோரத்துல பாட்டிலைப் பாத்தா ஓடிப்போயி எடுக்கப்போறா, கை கிழிஞ்சிரும்டீன்னு நாந்தான் கத்தினேன். அழ வைக்கற புக்கை எதுக்குப் பிள்ளைக்குக் குடுத்தன்னு எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கோவம். எனக்கு அதுல வருத்தமே இல்ல.

பறவைப் பைத்தியம் பிடிச்ச பிள்ளைன்னா, பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பத்திச் சொல்லிக் குடுக்கற ஏர்லி பேர்ட்ங்கற அமைப்பை நெட்ல தேடிப் பாருங்க, தமிழ்லயே பறவை போஸ்டரெல்லாம் போட்டிருக்காங்க. நேஷனல் புக் டிரஸ்டோட நேரு பால புஸ்தகாலயா வரிசை விலை கம்மி, படம் பழைய காலத்து ஸ்டைல், அதனால ஒண்ணும் குறைஞ்சிடாது. தமிழ்ல நான் இன்னும் தேடிட்டிருக்கறது இருவாச்சிக் கதை. கேரளாவோட மாநிலப் பறவை, வேழாம்பல்னு ஸ்கூல்ல படிக்குதுக, பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிட்டு ஒரு கீத்து மட்டும் விட்டு வைக்கும், ஆணு பழம் கொண்டாந்து அந்தக் கீத்து வழியா ஊட்டும். இம்புட்டு ரெடிமேடான கதை இருக்கு, குழந்தைகளுக்கு நல்லா எழுதினதா ஒண்ணும் என் கைக்குச் சிக்கல, யாருக்காச்சும் தெரிஞ்சா பேரு சொல்லுங்க.

கம்பத்துக் கடைகள்ல இதுல பாதி இருக்காது. நான் மதுரை புத்தகத் திருவிழாவுல அள்ளிட்டு வருவேன், இல்லன்னா போஸ்ட்ல வரவழைக்கறது. சாரல் சீசன்ல ஆர்டர் போட்டா பிளாஸ்டிக் கவர் சுத்தி அனுப்பச் சொல்லிருங்க, நனைஞ்சு வந்த புக்குல ஒருக்கா பூசணம் பிடிச்சுதுன்னா அந்த வாடை போகவே போகாது.