அழுத்தம் இறங்கிவிட்டது, கண் பாப்பாதான் சுருங்கவில்லை

அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரையும் கிளாகோமாவும் (கண் அழுத்த நோய்) சேர்ந்தே இருந்தன. மூன்று வகைச் சொட்டு மருந்து விட்டும் கண்ணின் அழுத்தம் 30க்குக் கீழே இறங்காததால், இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம் என்றார்கள். புரையை எடுத்து லென்ஸ் வைப்பது, அப்படியே மேல் இமைக்குள் மறைகிற வெள்ளை விழிப் பகுதியில் கண்ணின் நீர் வடிய ஒரு வழி செய்வது. பெயர் சொல்லாமல் அந்த மருத்துவமனைக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று.

டாக்டரின் கையைக் குறை சொல்லவே மாட்டேன். லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, அழுத்தம் இன்று 13, சொட்டு மருந்தே இல்லை. நான் குறைத்த இரண்டும் அதன் பிறகு நடந்ததற்கு.

ஆபரேஷன் முடிந்த அன்று இரவு அப்பாவுக்குத் தலை பிளக்கிற வலி, இரண்டு முறை வாந்தி. டூட்டியில் இருந்தவர்கள் வலி மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொன்னார்கள். அழுத்தம் பார்த்தது மறுநாள் காலையில்தான், அப்போது 46! உடனே கொஞ்சம் நீரை வெளியேற்றி, அசிட்டசோலமைடு மாத்திரையும் கொடுத்து இறக்கிவிட்டார்கள், சரி. ஆனால் அந்த இரவு முழுக்க யாரும் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் பாப்பா விஷயம். கட்டு பிரித்ததிலிருந்தே வலது கண் பாப்பா, அதாவது வெளிச்சம் உள்ளே போகிற நடுத் துளை, அகலமாக, கறுப்புப் பொத்தான் மாதிரி இருந்தது. கேட்டால், அட்ரோபின் சொட்டு விடுகிறோம் இல்லையா, அதன் வேலை என்றார்கள். நியாயமான பதில்தான், அட்ரோபின் பாப்பாவை ஒன்றிரண்டு வாரம்கூட விரித்து வைத்திருக்கும். ஆனால் சொட்டை நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் அதே பதிலைச் சொன்னால் எப்படி? அப்பா பகலில் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரவில் எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் கோடு கோடாகச் சிதறுகிறது என்றார்.

கடைசியில் மூத்த டாக்டர் ஒருவர் பைலோகார்பின் சொட்டு விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார், சாதாரணக் கண் என்றால் அதற்குள் பாப்பா நன்றாகச் சுருங்கியிருக்கும், இது அசையவே இல்லை. உரெட்ஸ்-சவாலியா நோய்க்குறி என்றார். 1963இல் அர்ஜென்டினா டாக்டர் ஒருவர், கருவிழி மாற்று ஆபரேஷன் செய்த கண்களில் பார்த்து எழுதியது, பிறகு கிளாகோமா, கண்புரை ஆபரேஷன்களுக்குப் பின்னும் அபூர்வமாகத் தென்பட்டிருக்கிறது. அழுத்தம் திடீரென்று ஏறும்போது ஐரிஸுக்கு, அதாவது பாப்பாவைச் சுற்றியிருக்கும் நிற வளையத்துக்கு, போகிற ரத்தம் தடைபட்டு, பாப்பாவைச் சுருக்குகிற தசை செயலிழந்துபோகலாம் என்பது ஒரு விளக்கம். அந்த முதல் இரவுதான் காரணமா என்று கேட்டேன், இருக்கலாம், அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். இப்படி நேராகப் பேசிய ஒரே ஆள் அவர்தான், மூன்றில் ஒரு நட்சத்திரம் அவருக்கே.

கூசுவதற்குக் காரணத்தையும் அவர்தான் விளக்கினார். உள்ளே வைத்த லென்ஸின் அகலம் 6 மில்லிமீட்டர், அப்பாவின் பாப்பா 7. வெளிச்சம் லென்ஸின் விளிம்பிலும் அதைத் தாண்டியும் உள்ளே நுழைகிறது.

நிறக் கண்ணாடி வெளியே போக உதவுகிறது, வீட்டுக்குள் போட்டால் எல்லாம் இருட்டு. நடுவில் சின்னத் துளை விட்டு மற்ற இடத்தில் நிறம் பூசிய கான்டாக்ட் லென்ஸ் உண்டு என்று படித்துவிட்டு ஆசையோடு கேட்டேன். நீர் வடிய வழி செய்த கண்ணில் அதைப் போட்டால் தொற்று வரலாம், வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஐரிஸைத் தைத்துப் பாப்பாவைச் சிறிதாக்கவும் முடியுமாம், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் தானாகவே ஓரளவு சுருங்குவதால் இப்போதைக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கிய தாளை வீட்டில் தேடி எடுத்துப் படித்தேன். தொற்று, ரத்தக்கசிவு, பார்வை குறைவது எல்லாம் இருந்தது, பாப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வாரம் அளந்தபோது ஆறரை மில்லிமீட்டர். அப்பா இப்போது ஒரு பக்கத் திரையை மட்டும் திறந்து வைக்கிறார்.