கழிவு கந்தக அமிலம்: சுண்ணாம்பா, சூப்பர் பாஸ்பேட் ஆலையா?

மிஞ்சும் கழிவு கந்தக அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கிவிடுவதா, அல்லது பாஸ்பேட் பாறையோடு அமிலத்தைச் சேர்த்து சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் ஆலைக்கு அனுப்புவதா? சாய இடைப்பொருள் (சாயம் தயாரிக்க உதவும் வேதிப்பொருள்) ஆலைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

செலவு
சுண்ணாம்பு: 1 டன் அமிலத்துக்கு (100 சதவீத அடர்த்திக் கணக்கில்) சுமார் 0.75 டன் நீற்றுச் சுண்ணாம்பு. அப்புறம் உலர்ந்த கணக்கில் சுமார் 1.75 டன் ஜிப்சம் சேறு, அதை அகற்றும் செலவு வேறு.
உர ஆலை: சுண்ணாம்புச் செலவும் இல்லை, சேற்றுச் செலவும் இல்லை.

அனுமதி
சுண்ணாம்பு: சொந்த வளாகத்திலேயே முடியும், நடைமுறை எளிது.
உர ஆலை: 2016 அபாயக் கழிவு விதிகளின் 9-ஆம் விதிப்படி, வாங்கும் ஆலைக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். ஒவ்வொரு லாரியோடும் படிவம் 10 (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற பதிவுச் சீட்டு) போக வேண்டும். தயாராகும் உரம் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தரத்துக்கும் உட்பட வேண்டும்.

மண்
என்னைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். தரம் கேட்கும் 16 சதவீத பாஸ்பேட் சரியாக இருந்தாலே உரம் பாதுகாப்பானது ஆகிவிடாது. சீனாவில் குளோரால் என்ற நச்சுக் கரிமப் பொருள் கலந்த கழிவு அமிலத்தில் செய்த சூப்பர் பாஸ்பேட் பயிர்களையே கருக்கியது. அமிலத்தோடு வரும் கரிம நச்சும் கன உலோகமும் நேராக வயலுக்குப் போகும்.

எந்த வேதிவினையில் வந்தது என்று தெரிந்த, சோதித்துப் பார்த்த, அடர்த்தியான அமிலம் என்றால் உர ஆலைக்கு அனுப்பலாம். பல வினைகளின் அமிலம் ஒரே தொட்டியில் கலந்திருந்தால், செலவானாலும் சரி, சுண்ணாம்புதான்.